துண்டுக்கடியில் மூன்று விரல்

எங்கள் சங்கத்தின் இப்போதைய மேலாளர் சரண்யா போன வாரம் போனில் கூப்பிட்டார். "சார், மெம்பர்களுக்குத் தொழில் போட்டிச் சட்டம் பத்தி வகுப்பு எடுக்கப் போறோம். நேர்ல மாட்டுனவரு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. ஆண்டு மலருக்கு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. தைரியம் குடுக்குற மாதிரி இருக்கட்டும்" என்றார்.

தைரியம் என் துறை இல்லை. இருபத்திரண்டு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் ஒழுங்காகச் செய்த வேலை பயந்ததுதான். ரத்தக் கொதிப்பு மாத்திரை ஒன்றிலிருந்து மூன்றாக ஏறியதும் ஐம்பத்து நான்கு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆகவே இதைப் படித்து யாருக்காவது தைரியம் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

வெளியாட்களும் படிப்பார்கள் என்பதால் முதலில் எங்கள் சரக்கைச் சொல்லிவிடுகிறேன். நூல் மில்லில் நூலைச் சுற்றுவதற்கு ஒரு காகிதக் குழல் உண்டு. கோன் என்போம். ஐஸ்கிரீம் கோனின் நுனியைக் கடித்துத் தின்றுவிட்டால் மிச்சம் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். திண்டுக்கல்லைச் சுற்றி மில்கள் இருப்பதால், கோன் செய்யும் பட்டறைகளும் இருக்கின்றன. முப்பத்தோரு பட்டறை முதலாளிகள் சேர்ந்து ஒரு சங்கம், அந்தச் சங்கத்துக்கு ஒரு மாடி அறை, அந்த அறைக்கு ஒரு மேலாளர். அது நான்.

என் தகுதி: பி.காம்., இரண்டு மொழியிலும் தட்டச்சு, ஒரு வக்கீலிடம் மூன்று வருடக் குமாஸ்தா வேலை. அந்த வக்கீல் எனக்கு உருப்படியாகக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான். "கூட்ட நடவடிக்கை எழுதுனா, வராதவன் படிச்சாலும் வந்த மாதிரி இருக்கணும்டா." இதை நான் வேதமாக எடுத்துக்கொண்டேன். சங்கத்தின் மினிட் புக்கில் யார் எத்தனை மணிக்கு வந்தார், யார் கைபேசி எத்தனை தடவை ஒலித்தது, யார் இரண்டாவது வடை எடுத்தார் என்பதுவரை இருக்கும். என் கையெழுத்தும் முத்து மாதிரி இருக்கும். அந்தப் புத்தகம்தான் பிற்பாடு என்னைத் தில்லி வரை இழுத்துக்கொண்டு போனது.

எங்கள் தலைவர் பொன்னுச்சாமி ஐயா. நத்தம் பக்கத்தில் மாட்டுத் தரகுக் குடும்பம். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். ரொம்பக் கோபம் என்றால் அவர் வாயருகே காதைக் கொண்டுபோக வேண்டியிருக்கும். தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு. அதைத் தோளிலிருந்து எடுத்து மடியில் போட்டால் முக்கியமான விஷயம் வருகிறது என்று அர்த்தம்.

அந்தக் காலத்தில் கோன் விலையைக் கூட்டத்தில் உட்கார்ந்து எல்லாருமாகத்தான் ஏற்றுவோம். அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. கல்யாணத்துக்கு மொய் எழுதுவது மாதிரி அது ஒரு வழக்கம். ஒருநாள் கோயம்புத்தூரிலிருந்து வந்த வக்கீல் ஒருவர் கூட்டத்தில் பேசும்போது, "போட்டியாளர்கள் ஒன்று சேர்ந்து விலை வைப்பது சட்டப்படி குற்றம். கூட்டத்தில் விலை என்ற பேச்சே வாயில் வரக்கூடாது" என்று சொல்லிவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

முப்பத்தோரு பேரும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வாயில வரக்கூடாது. அம்புட்டுத்தான?" என்று துண்டை எடுத்து மடியில் போட்டார்.

மாட்டுச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். தரகர் துண்டுக்கடியில் கையை விட்டு எதிராளியின் கையைப் பிடிப்பார். எத்தனை விரல் கொடுக்கிறாரோ அதுதான் விலை. சுற்றி நிற்கும் ஆளுக்கு எதுவும் தெரியாது. எங்கள் மாடி அறையில் அன்றிலிருந்து அதுதான் நடைமுறை. கூட்ட நிகழ்ச்சி நிரலில் ஏழாவது பொருள், 'இதர விஷயங்கள்'. அது வந்ததும் நான் எழுந்து சன்னலைச் சாத்துவேன். தலைவர் எழுந்து வரிசையாகப் போவார். ஒவ்வொருவரும் துண்டுக்கடியில் கையை நீட்டுவார்கள். மூன்று விரல் என்றால் கோனுக்கு முப்பது காசு ஏற்றம். சுண்டு விரல் மட்டும் என்றால் இந்த மாதம் பொறுத்துக்கொள். முப்பது கை முடிய கால் மணி நேரம் ஆகும். அதுவரை ஒரு சத்தமும் இருக்காது, பொருளாளர் சிவலிங்கம் சிரிப்பதைத் தவிர. அவருக்கு உள்ளங்கையில் கூச்சம்.

இவ்வளவு ரகசியமாக நடந்த காரியத்தை, நான் மினிட் புக்கில் எழுதினேன்.

ஏன் எழுதினாய் என்று பிறகு பல பேர் கேட்டார்கள். நடந்தது, எழுதினேன். ஏழாவது பொருளுக்கு எதிரே வெறுமையாக விட என் கை ஒப்பவில்லை. இப்படி எழுதினேன்: "இதர விஷயங்கள்: தலைவர் அவர்கள் துண்டுக்கடியில் ஒவ்வொரு உறுப்பினர் கையிலும் மூன்று விரல்களைக் கொடுத்தார். பொருளாளருக்குக் கூச்சம் ஏற்பட்டது. ஒருமனதாக ஏற்கப்பட்டது." அடுத்த கூட்டத்தில் வழக்கம்போல 'சென்ற கூட்ட நடவடிக்கைகள் படித்ததாகக் கருதப்பட்டன.' கருதினார்களே ஒழிய ஒருத்தரும் படிக்கவில்லை. தலைவர் கையெழுத்துப் போட்டார். இப்படியே மூன்று வருடம் போனது.

இந்த அமைதியைக் கெடுத்தவர் ஆரோக்கியசாமி.

நாகல் நகரில் ஒரு தகரக் கொட்டகையில் கோன் செய்துகொண்டிருந்தார். சங்கத்தில் உறுப்பினர் இல்லை. மில்லில் ஃபிட்டராக இருந்தவர் என்பதால் கோன் எங்கே, எப்போது, ஏன் உடைகிறது என்பது அவருக்குத் தெரியும். புதிய மில் இயந்திரங்கள் வேகமாகச் சுற்றுகின்றன. எங்கள் கோன் அந்த வேகத்தில் விரிந்து நூலோடு பிய்ந்து போகும். மில்காரர்கள் திட்டுவார்கள். நாங்கள் இன்னும் ரெண்டு சுற்றுக் காகிதம் சேர்த்து, அதற்கும் காசு கேட்போம். ஆரோக்கியசாமி நேர்மாறாகச் செய்தார். காகிதத்தைக் குறைத்தார். சுற்றும் கோணத்தையும் பசையையும் மாற்றி, தானே வெல்டிங் வைத்து ஒரு இயந்திரம் கட்டி, மெலிசான கோன் ஒன்றைக் கொண்டுவந்தார். அது உடையவில்லை. விலையும் குறைவு.

தலைவர் அவரைக் கூப்பிட்டனுப்பி, துண்டுக்கடியில் கை கொடுத்தார். ஆரோக்கியசாமிக்கு அந்தப் பாஷை தெரியவில்லை. மரியாதைக்குக் கை குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம். அவருக்குக் காகிதம் கொடுக்கும் வியாபாரியிடம் நம் உறுப்பினர் ஒருவரும் காகிதம் வாங்குவதில்லை. எல்லாக் காகித வியாபாரிகளுக்கும் கடிதம் போனது. தட்டச்சு நான். "தலைவருக்காக" என்று கையொப்பமும் நான்.

பத்து நாளில் ஆரோக்கியசாமி மாடிப்படி ஏறி வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை.

"அண்ணே, லெட்டர் நீங்க அடிச்சதுதான?"

"நான் வெறும் விரல்தான் ஆரோக்கியம். மூளை வேற எடத்துல இருக்கு" என்றேன்.

"ஒங்களோட சண்டைக்கு வரலண்ணே. செத்த எந்திரிங்க." பையிலிருந்து இரண்டு கோன்களை எடுத்துத் தரையில் நிறுத்தினார். ஒன்று சங்கத்துக் கோன், ஒன்று அவருடையது. அவருடையதன் மேல் ஒரு பலகைத் துண்டை வைத்து, "ஏறி நில்லுங்க" என்றார்.

"நான் எண்பத்தஞ்சு கிலோ."

"தெரிஞ்சுதான் சொல்றேன். ஏறுங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். கோன் அசையவில்லை. பிறகு சங்கத்துக் கோன் மேல் ஏறினேன். அடுத்த கணம் நான் ஃபைல் அலமாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆரோக்கியசாமி சிரிக்கவில்லை. "பங்களாதேஷ்ல ஒரு மில்லு டிரையல் கேட்டிருக்கு. ஒரு லாரி கோன். தை மாசத்துக்குள்ள அனுப்புனா ஆர்டர் எனக்கு, இல்லாட்டி சைனாவுக்குப் போயிரும். கொட்டகையையும் ஜெசிந்தா நகையையும் வச்சுத்தான் மிஷின் கட்டுனேன். பேப்பர் இல்ல. எவனும் தர மாட்டேங்குறான். எங்கையோ இருந்து ரெட்டை விலைக்குக் கொஞ்சங் கொஞ்சமா வாங்கி ஓட்டிக்கிட்டு இருக்கேன். தை தாண்டுனா பேங்க்காரன் பூட்டுப் போட்ருவான்ணே."

அப்போது ஆவணி மாதம்.

"எங்கயாச்சும் மனுக் குடுக்கலாம்ல?" என்றேன். ஏன் சொன்னேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"தில்லில ஒரு ஆபீஸ் இருக்காம். ஜெசிந்தா எழுதிட்டா." பையிலிருந்து நாலு தாளை எடுத்துக் காட்டினார். அவர் மனைவி பள்ளி ஆசிரியை. ஆங்கிலம் சுத்தமாக இருந்தது. ஆனால் மனு என்ற வகையில் படுமோசம். பக்க எண் இல்லை, இணைப்புப் பட்டியல் இல்லை. என் குமாஸ்தா ரத்தம் கொதித்துவிட்டது. பேனாவை எடுத்து, எது எந்த இணைப்பு, எத்தனை நகல், எங்கே கையொப்பம் என்று முழுசாகத் திருத்திக் கொடுத்தேன். 'இணைப்பு ஒன்று' என்று நான் எண் போட்டது நானே கையொப்பமிட்ட கடிதத்துக்கு. அவர் போய் அரைமணி நேரம் கழித்துத்தான் அது எனக்கு உறைத்தது. அன்று மாத்திரை இரண்டானது.

ஐப்பசியில் தில்லியிலிருந்து தபால் வந்தது. தொழிலில் போட்டி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் அலுவலகம். விசாரணை தொடங்கிவிட்டதாம். மேலாளர் சங்கத்தின் மினிட் புக்கோடு நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும். தலைவருக்கு அதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு தேதி. கூடவே ஒரு குறிப்பும் இருந்தது. கூட்டு சேர்ந்து விலை வைத்தவர்களில் யார் முதலில் வந்து உண்மையைச் சொல்கிறாரோ, அவருக்கு அபராதம் குறையும், முழுசாகக்கூடத் தள்ளுபடியாகும்.

அவசரக் கூட்டத்தில் அந்தக் குறிப்பைத் தலைவர் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். முப்பத்தோரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"நம்மள்ல எவனும் அப்படிப்பட்டவன் இல்ல" என்றார் சிவலிங்கம்.

"இல்ல, இல்ல" என்றார்கள் எல்லாரும். இதுவும் ஒருமனதாக ஏற்கப்பட்டது.

எல்லாரும் போனபின் தலைவர் மினிட் புக்கைக் கேட்டார். மூன்று வருடத்தில் முதல் தடவையாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறவில்லை. ஆனால் துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தார். பிறகு ஏதோ சொன்னார். கேட்கவில்லை. காதைக் கொண்டுபோனேன்.

"ஏலே... கூச்சம் ஏற்பட்டதா?"

"ஏற்பட்டுச்சுங்கய்யா. அவரே ஒத்துக்குவாரு."

"புதுசா ஒரு புக்கு எழுது. மூணு வருசத்துக்கும். நாட்டு வளர்ச்சியப் பத்திப் பேசினோம், டீ குடிச்சோம், கலைஞ்சோம். அம்புட்டுத்தான்."

எழுதினேன். ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். முப்பத்தாறு கூட்டம். முப்பத்தாறிலும் நாட்டு வளர்ச்சி. பத்தாவது கூட்டத்துக்கு மேல் நாடு எப்படி வளர்வது என்று எனக்கே தெரியவில்லை. புத்தகம் புது மெருகோடு பளபளவென்று இருந்தது. பழசாக்க வேண்டுமே என்று காபியைத் தெளித்து மொட்டை மாடியில் வெயிலில் விரித்துவைத்தேன். என் மனைவி செல்வி துணி எடுக்க வந்தவள் நின்று பார்த்தாள்.

"என்ன, வடகமா?"

"ஆபீஸ் புக்கு."

"பொய் எழுதுனா காயாதாக்கும்?" என்று கேட்டுவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அவளிடம் நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே படித்துவிடுவாள். எனக்கு அது அந்தக் காலத்திலிருந்தே பெரிய இடைஞ்சல்.

இதற்கிடையில் ஒருநாள் பேருந்து நிலையத்தில் ஆரோக்கியசாமியைப் பார்த்தேன். இளைத்திருந்தார். டிரையல் லாரியில் பாதிதான் தயார். மீதிக்குக் காகிதம் இல்லை. "தில்லில இருந்து ஒரு இடைக்கால உத்தரவு வந்தா, அந்த லெட்டர நிறுத்தி வச்சிருவாங்களாம்ணே. அதுக்கு சங்கம் கூடிப் பேசித்தான் பண்ணுச்சுன்னு சாட்சி வேணுமாம். லெட்டர்ல தலைவருக்காகன்னுதான் இருக்கு. தனி ஆளு பண்ணதுன்னு சொல்லித் தப்பிச்சிருவாங்கன்னு வக்கீல் சொல்றாரு" என்றார். என் பையில் இருக்கும் புத்தகத்தைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பஸ் வந்ததும், அது எந்த ஊர் பஸ் என்று பார்க்காமல் ஏறிவிட்டேன். ஆத்தூரில் இறங்கித் திரும்பி வந்தேன்.

தில்லி ரயில் ஏறும் நாள் வந்தது. சாட்சிக்குத்தான் கூப்பிட்டார்கள், சிறைக்கு இல்லை என்று செல்வி நாலு தடவை சொன்னாள். நான் போர்வை, சோப்பு, எவர்சில்வர் தட்டு, மூன்று மாத மாத்திரை எல்லாம் எடுத்துவைத்தேன். அடியில் இரண்டு மினிட் புக். பழையதை வீட்டில் வைத்தால் சோதனை போடுவார்களோ என்று பயம். கொண்டுபோனால் பிடிபடுவேனோ என்று பயம். இரண்டு பயத்தில் எது பெரியது என்று முடிவாகாததால் கொண்டுபோனேன்.

மறுநாள் காலை நாக்பூருக்கு முன்னால், முகம் கழுவப் போகும்போது அடுத்த பெட்டியில் ஒரு மேல் படுக்கையில் ஒருவர் முகத்தை மூடிப் படுத்திருந்தார். மூடியிருந்தது வெள்ளைத் துண்டு. எனக்குத் தெரிந்த துண்டு.

"ஐயா?" என்றேன்.

துண்டு அசையவில்லை. "இல்ல" என்றது.

"ஐயா, நீங்க திருப்பதிக்குல்ல போறேன்னீங்க?"

தலைவர் துண்டை விலக்கி எழுந்து உட்கார்ந்தார். சுற்றிப் பார்த்தார். "தூங்கிட்டேன்ப்பா. ஸ்டேசன விட்டுட்டேன்."

திருப்பதி இருக்கும் மாநிலத்தைத் தாண்டி அரை நாள் ஆகியிருந்தது. என் பெட்டிக்குப் போய்ப் புளிச்சோற்றுப் பொட்டலத்தை எடுத்து வந்து பாதியை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். கீழே இறங்கி என் எதிரில் உட்கார்ந்தார்.

"முதல்ல போய்ச் சொன்னா முழுசாத் தள்ளுபடியாம்ல?" என்றார் மெதுவாக.

"ஆமாங்கய்யா."

"நான் ஒண்ணும் எனக்காகப் போகல. நாப்பது குடும்பம் என் பட்டறைய நம்பி இருக்கு." துண்டை எடுத்து மடியில் போட்டார். "நான் கேக்குறேன், நாம ஒண்ணா நிக்கலேன்னா என்ன ஆகும்? ஒருத்தன ஒருத்தன் விலையில வெட்டிக்கிட்டே செத்துருவோம். சைனாக்காரன் வந்து உக்காந்துக்குவான். அப்புறம் நாட்டுக்கு யாரு கோன் செய்வா? நான் நாட்டுக்காகத்தான் விரலக் குடுத்தேன்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பிச் சொன்னார். எனக்கும் அந்த வயதில் அது சரியென்றே பட்டது. ஆனால் ஆரோக்கியசாமியின் கோன் மேல் நான் ஏறி நின்றது என் காலுக்கு நினைவிருந்தது. "ஐயா, சைனாவுக்குப் போக வேண்டிய ஆர்டரத்தான் ஆரோக்கியம் புடிச்சிருக்காரு" என்றேன்.

தலைவர் புளிச்சோறு உறைப்பு என்றார்.

தில்லி அலுவலகத்தில் என்னை விசாரித்தவர் ஒரு அம்மா. என் புண்ணியம், தமிழ் பேசினார், கும்பகோணம் பக்கம். "பயப்படாதீங்க, உட்காருங்க. தண்ணி குடிங்க" என்றார். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு, டம்ளரைப் பையிலும் பையை மேசையிலும் வைத்தேன். அவர் டம்ளரைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"மினிட் புக் கொண்டுவந்தீங்களா?"

புதியதை மட்டும் எடுக்க வேண்டும் என்று ரயிலில் நூறு தடவை ஒத்திகை பார்த்திருந்தேன். அடையாளத்துக்கு அதன் மேல் ரப்பர் பேண்டுகூடப் போட்டிருந்தேன். பையில் கையை விட்டேன். கை நடுங்கியதில் தட்டு, சோப்பு, போர்வை, இரண்டு புத்தகம் எல்லாம் சேர்ந்து மேசையில் கொட்டின.

அந்த அம்மா தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே தேதியைத் திறந்தார். ஒன்றில் நாட்டு வளர்ச்சி. இன்னொன்றில் மூன்று விரல். வாசித்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். கூச்சம் ஏற்பட்ட இடமாக இருக்க வேண்டும்.

"இதுல எது உண்மை?" என்று கேட்டார்.

பையைக் கொட்டியது நடுக்கம். அதை நேர்மை என்று நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இனியும் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தக் கேள்வியில் நான் தப்பித்திருக்கலாம். பழையது வேடிக்கைக்காக எழுதியது என்றால் யார் நம்பமாட்டார்கள்? படித்துப் பார்த்தால் வேடிக்கையாகத்தானே இருக்கிறது? வாயைத் திறந்தேன். நாகல் நகர் கொட்டகைக்குப் பூட்டுப் போடுவது கண்ணில் வந்து நின்றது.

"பழசுங்க மேடம். புதுசுல கையெழுத்து நல்லா இருக்கும். ஆனா அம்புட்டும் பொய்."

அவர் எழுதிக்கொண்டார். என்னை மாதிரியே ஒரு வரி விடாமல் எழுதுகிறார் என்று கவனித்தேன். கடைசியில் பேனாவை வைத்துவிட்டு, "ஒண்ணு கேக்கணும். விலையை ஏத்துனீங்க, வெளியாளைத் தடுத்தீங்க. சரி. இந்தப் பத்து வருஷத்துல உங்க சங்கத்துக் கோன்ல என்ன புதுசாப் பண்ணுனீங்க?" என்றார்.

நிஜமாகவே யோசித்தேன். சங்கத்தின் மானம் அதில் இருந்தது.

"நுனிக்கு ஊதாக் கலர் அடிச்சோம் மேடம்."

"அதுக்கு முன்னாடி?"

"பச்சை."

வெளியே வந்தபோது வராண்டாவில் தலைவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "என்னாச்சுங்கய்யா?" என்றேன்.

"முதல் ஆளு வந்துட்டானாம்."

"யாரு?"

"சொல்ல மாட்டேங்குறாங்க. ஆனா ரயில்ல வரலையாம். பதினஞ்சு நாளைக்கு முந்தியே, அவசரக் கூட்டம் முடிஞ்ச சாயங்காலமே ஈமெயில்ல வந்துருச்சாம்." இரண்டு நாள் ரயிலில் சுருண்டு படுத்து வந்த மனிதர் கையை விரித்தார். "எனக்குத்தான் ஈமெயில் அனுப்பத் தெரியாதே."

ஊர் திரும்பியதும் சிவலிங்கம் எங்கள் இருவரையும் கண்டால் மறுபக்கம் நடக்க ஆரம்பித்தார். நாங்கள் கேட்கவில்லை.

மார்கழி பிறந்ததும் இடைக்கால உத்தரவு வந்தது. சங்கத்தின் கடிதம் செல்லாது, யாரும் யாருக்கும் காகிதத்தைத் தடுக்கக்கூடாது. மறுநாளே நாகல் நகர் கொட்டகை முன்னால் காகித லாரி நின்றது. ஆரோக்கியசாமியும் ஜெசிந்தா டீச்சரும் சொந்தக்காரர்களும் சேர்ந்து இரவு பகலாகச் சுற்றினார்கள். கிறிஸ்துமஸ் அன்று காலை பூசைக்கு மட்டும் இயந்திரத்தை நிறுத்தினார்களாம். தை பிறந்து ஒன்பதாம் நாள் டிரையல் சரக்கு தூத்துக்குடிக்குக் கிளம்பியது. ஆர்டர் வந்தது.

இறுதித் தீர்ப்பும் அபராதமும் அதற்குப் பிறகு வெகுநாள் கழித்து வந்தன. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று மலரில் எழுதினால் அது என் இரண்டாவது புத்தகம் மாதிரி ஆகிவிடும். சேவுகம்பட்டிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை அபராதம் கட்டியதில் எழுந்திருக்கவே இல்லை. அங்கே வேலை செய்த பதினொரு பேரையும் எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். இன்னும் இரண்டு பட்டறை, விலைப் போட்டியில் மூச்சுத் திணறி மூடப்பட்டன. அவர்கள் வீட்டு விசேஷங்களுக்கு எனக்குப் பத்திரிகை வருவதில்லை. நியாயந்தான்.

மற்றவர்களுக்கு வேறு வழியில்லாமல் போனது. விரலைக் கொடுத்து விலையை ஏற்ற முடியாது, கோனைத்தான் மாற்ற வேண்டும். தலைவரே முதலில் புது இயந்திரம் வாங்கினார். அவர் மகன் ஈரத்தில் ஊறாத கோன் ஒன்றைச் செய்து, மழை அதிகம் உள்ள நாடுகளுக்கு அனுப்புகிறார். என்னை வேலையை விட்டு நீக்குவார்கள் என்று ஆறு மாதம் போர்வையைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். ஒருநாள் தலைவரிடமே கேட்டுவிட்டேன்.

"ஒன்ன வெளிய விட்டா இன்னொரு சங்கத்துல போய் எழுதுவ" என்றார். "இங்கயே இரு."

ஆரோக்கியசாமி வளர்ந்தார். கொட்டகை ஆலையானது. இரண்டு வருடம் முன்பு சங்கத்துக்கு அவரே தலைவரும் ஆனார். நான் ஓய்வு பெற்றபின்னும் பண்டிகைக்கு வந்துபோவார். போன மாதம் பண்டிகை இல்லாமல் வந்தார். உட்கார்ந்தார், செல்வி கொடுத்த காபியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"அண்ணே, நத்தம் ரோட்டுல ஒரு புள்ள, இப்பத்தான் இஞ்சினியரிங் முடிச்சது, வாழ நார்ல கோன் செய்யுது. பேப்பரே வேண்டாங்குது. மில்லு ரெண்டு அங்க போயிருச்சு."

"சரி."

"இப்பிடி ஆளாளுக்கு ஒண்ணச் செஞ்சு விலையக் கெடுத்தா, வெளிநாட்டுக்காரன்கிட்ட நம்ம பேரு என்னாகும்? சங்கம் ஒண்ணா நின்னு அந்தப் புள்ளகிட்டப் பேசணும்ல? நார் தர்ற ஆளுககிட்டயும் ஒரு வார்த்த..."

எனக்கு இத்தனை வருடம் கழித்தும் அதே பயம். யார் வாயிலிருந்து இதைக் கேட்கிறேன் என்பதுதான் புதுசு. "கோன் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

ஆரோக்கியசாமி காபியைக் கீழே வைத்தார். பைக்குள் கையை விட்டு ஒரு கோனை எடுத்தார். வைக்கோல் நிறம். நகத்தால் கீறிப் பார்த்தார், காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் வாய் ஏதோ கணக்குப் போடுவதுபோல அசைந்தது. கால் மணி நேரம் நான் எதிரில் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது.

"நல்லாத்தான்ணே இருக்கு" என்றார் கடைசியில். "அதான் பயமா இருக்கு."

எழுந்து வண்டியை எடுத்தார். அவர் வீடு வடக்கே. வண்டி நத்தம் ரோட்டுப் பக்கம் திரும்பியது. அந்தப் பிள்ளையை மிரட்டத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் போன் வந்தது.

"அண்ணே, பசையில என்னத்தையோ சேக்குது அந்தப் புள்ள. கேட்டா சிரிக்குது, சொல்ல மாட்டேங்குது" என்றார். பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது. "இருக்கட்டும். நானே கண்டுபுடிக்கிறேன். ஒரு வாரம், தாண்டுனா பத்து நாளு."